தறி நின்ற அரை மணி நேரம்

எங்கள் வீட்டில் நான்கு விசைத்தறிகள். அவை ஓடும்போது யாரும் வாயால் பேசுவதில்லை. பேசினாலும் கேட்காது. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரல் உதட்டுக்குப் போகும். சாப்பாடு தயார் என்றால் ஐந்து விரலும் குவிந்து வாய்ப்பக்கம் வரும். வாசலில் ஆள் வந்திருந்தால் ட்யூப்லைட்டை ஒருமுறை அணைத்துப் போடுவோம், உள்ளே இருப்பவர்கள் தலையைத் தூக்குவார்கள். அம்மையார்குப்பத்தில் எங்கள் தெருவில் பிறக்கிற குழந்தைகள் பேச்சு வருவதற்கு முன்பே இந்தச் சைகைகளைக் கற்றுக்கொண்டுவிடும். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை.

நான் இதை மறக்கப் பாடுபட்டவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். நைனா, அதாவது அப்பா, பள்ளிப் பக்கம் போனதில்லை. அண்ணன் மூன்றாவதோடு நின்று, தறிக்குத் தார்க்கட்டையில் நூல் சுற்ற உட்கார்ந்தவன். நான் பஸ் ஏறித் திருத்தணிக்குப் போய்க் கல்லூரியில் படித்தேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே பக்கத்தில் உட்கார்ந்த பெண் என்னிடம் ஒன்று கேட்டாள். ஏன் இப்படிக் கத்திப் பேசுகிறாய், ஏன் பேசும்போது கையும் ஆடுகிறது என்று. கேலிகூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அன்றிலிருந்து பஸ்ஸில் இரண்டு கையையும் பைக்கு அடியில் அழுத்தி வைத்துக்கொண்டு, மெதுவாகப் பேசிப் பழகினேன். அதற்கு ஒரு வருஷம் ஆயிற்று.

நான் கடைசி வருஷம் படிக்கும்போது கொரோனா வந்தது. வகுப்பு போனுக்குள் வந்துவிட்டது. வீட்டில் பெரிய போன் என்னுடையது ஒன்றுதான். முதலில் நூல் வராமல் தறிகள் நின்றன. பிறகு நூல் வரத் தொடங்கியதும் தெரு முழுக்கத் தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. பள்ளிகள் மட்டும் திறக்கவில்லை.

அண்ணன் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்கு ஒரே ஒரு தோழி. பின் தெருவில் இருந்த நெசவாளர் வீட்டுப் பெண். இரண்டும் ஒரே வருஷம் பிறந்தவை. அவர்கள் வீட்டுத் தறிக்கொட்டகையிலோ எங்கள் கொட்டகையிலோதான் எப்போதும் கிடக்கும். கொரோனாவுக்குச் சற்று முன்பு அந்தக் குடும்பம் நகரிக்குக் குடிபோனது. அது ஆந்திரா. தோழியின் தாயுடைய அண்ணன் அங்கே தறி போட்டிருந்தார், கூட வந்து ஓட்டச் சொன்னார். நகரி ஒன்றும் தூரம் இல்லை. வேறு நாளாக இருந்தால் காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடலாம். ஆனால் சாலையில் தடுப்பு வைத்து பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இரண்டு மூன்று வாரம் அண்ணன் மகள் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் நான்தான் அந்தத் தாயின் எண்ணைத் தேடிப் பிடித்து வீடியோ போட்டுக் கொடுத்தேன்.

நான்கு மணிக்கு என் வகுப்பு முடியும். போனை வாங்கிக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போவாள். ஜன்னல் திட்டில் போனைச் சாய்த்து வைப்பாள். அந்தப் பக்கமும் அப்படியே. அங்கே ஒரு தறி ஓடும், இங்கே நான்கு ஓடும். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். கழிவு நூலைச் சுருட்டி பொம்மைக்குப் புடவை கட்டுவார்கள். தார்க்கட்டையை அடுக்கி அடுப்பு செய்வார்கள். ஏதாவது முடிந்தால் போனுக்கு முன் தூக்கிக் காட்டுவார்கள். எதிரில் இருப்பவள் ஐந்து விரலைக் குவித்து வாயில் வைத்துக் காட்டுவாள். அவர்கள் விளையாட்டில் அது சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். பிறகு அவரவர் வேலை. பாதி நேரம் போன் சரிந்து கூரைத் தகடுதான் தெரியும். அதை நிமிர்த்தக்கூட மாட்டார்கள். ஒரு பக்கம் கரண்ட் போய் டவரும் போனால் அன்றைய வீடியோ கால் முடிந்தது.

நான் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். எங்கள் திரையில் அவர்கள் வீட்டுத் தகடு தெரிந்தது. அவர்கள் திரையில் எங்கள் வீட்டுத் தகடு தெரிந்திருக்கும். யாரும் இல்லாத கால் என்று நினைத்துக் கட் செய்துவிட்டேன். அண்ணன் மகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள், பிறகு உதடு பிதுங்கி அழுதாள். அண்ணி வந்து என்னை வாசலுக்குக் கூட்டிப்போய் மறுபடியும் போடச் சொன்னாள்.

"பேசவே இல்ல அண்ணி. சும்மா போகுது."

"பேசாட்டி என்னா. அதுங்க ரெண்டும் ஒண்ணா உக்காந்துகினு இருக்குதுங்க. வுடு."

அண்ணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவள் சொன்னதை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

அந்த ஆடியில் நகரியில் தோழியின் மாமா இறந்துபோனார், அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டவர். எங்களால் போக முடியவில்லை. போனிலேயே காட்டினார்கள். அண்ணனும் நைனாவும் என் போனைச் சுற்றி நின்று பார்த்தார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்தால் அந்த வீட்டுத் தறியை நிறுத்திவிடுவார்கள். அமாவாசையன்று தெருவே நிற்கும், கரண்ட் போனாலும் தெருவே நிற்கும். தெரு ஓடும்போது ஒரு வீடு மட்டும் நின்றுபோனால், அந்த வீட்டில் யாரோ போய்விட்டார்கள். நான் பத்தாவது படிக்கும்போது என் அம்மா இறந்ததையும் இப்படித்தான் தெருவில் தெரிந்துகொண்டார்கள். யாரும் போய்ச் சொல்லவில்லை. நைனா நான்கு தறியையும் அணைத்தார், அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் வாசல் நிறைந்துவிட்டது.

அந்த வருஷம்தான் நான் அண்ணன் மகளைத் திருத்தணியில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஒன்றாவது சேர்க்க முடிவு செய்தேன். பள்ளியைத் தேர்ந்தெடுத்தது நான், விண்ணப்பம் எழுதியது நான். அண்ணன் எதையும் கேட்கவில்லை, நீ சொன்னால் சரி என்றான். குழந்தையை வீடியோவில் பார்த்து நாலு வார்த்தை பேசிப் பார்ப்போம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். நான் போனை அவள் முன்னால் வைத்துக் கேட்டுப் பார்த்தேன். வயது என்ன என்றால் ஐந்து விரலைக் காட்டினாள். மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்றால் அதே ஐந்து விரலைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனாள். பேர் கேட்டால் சிரித்தாள். அவளுக்குப் பேச வராமல் இல்லை. போனுக்கு முன் பேசலாம் என்பதுதான் தெரியவில்லை. போன் என்றால் சும்மா இருக்கிற இடம் என்று பழகிவிட்டாள்.

எனக்கு என் முதல் வருஷம் ஞாபகம் வந்தது. இவளுக்கு அது வரக்கூடாது என்று நினைத்தேன். தோழியோடு பேசுவதையே பயிற்சியாக மாற்றிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. நல்ல யோசனை என்றே நினைத்தேன்.

மறுநாள் நான்கு மணிக்கு முன்பு கொட்டகைக்குப் போய் நைனாவிடம் அரை மணி நேரம் தறியை நிறுத்தச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. வெளியே கூட்டிவந்து மறுபடி சொன்னேன்.

"நாலுமா?"

"ஆங், நாலும்."

"ரெண்டு ஓடட்டுமேம்மா."

"சத்தம் வரும் நைனா. படிப்பு விஷயம்."

படிப்பு விஷயம் என்று நான் சொன்ன பிறகு அந்த வீட்டில் யாரும் மறுத்ததில்லை. அவர் உள்ளே போய் ஒவ்வொன்றாக அணைத்தார். நான்காவது நின்றபோது சுவர்க் கடிகாரம் அடிப்பது கேட்டது. அது ஓடுகிறதென்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அண்ணன் மகளை முன்னறையில் பாயில் நேராக உட்காரவைத்தேன். கை இரண்டும் மடியில். போனை ஸ்டூல் மேல் வைத்தேன். யாரும் குறுக்கே வரக்கூடாது என்று அண்ணியைச் சமையற்கட்டிலேயே இருக்கச் சொன்னேன். நகரியில் அந்தத் தாயிடமும் முன்பே சொல்லியிருந்தேன், சத்தம் இல்லாத இடத்தில் உட்காரவையுங்கள் என்று. அவள் உடனே ஒத்துக்கொண்டாள். நீ படித்த பெண், நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள். மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய் உட்காரவைத்திருந்தாள்.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது. வாசலில் ஆள் அரவம் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"யாருக்கு என்னாச்சு?"

நான் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னேன்.

"அடிப்பாவி, பரீட்சையா? உங்க நைனாவுக்குத்தான் என்னமோன்னு மாலைக்கு ஆள் அனுப்பிட்டு வரேன்."

நைனா கொட்டகை வாசலில் பீடியோடு நின்றிருந்தார். "வாங்கினு வரட்டும். ஆளு இங்கதான கீறேன், எப்பனா போட்டுக்கறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தினமும் நான்கு மணிக்கு இப்படித்தான் இருக்கும், பயப்படாதீர்கள் என்று இரண்டு பக்கமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். தெரு முழுக்கச் சொன்னேன். நகரியில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்த குழந்தைக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்று தோன்றவில்லை.

உள்ளே வந்தபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேள், சாப்பிட்டாயா என்று கேள் என்று நான் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"சாப்டியா?"

"ஆங்."

"என்னா சாப்டே?"

"சாதம்."

தோழியின் கண் அண்ணன் மகளின் தோளுக்கு மேலாக அறைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டாள்.

"உங்க வீட்ல மிஷின் ஏன் நின்னுச்சு?"

அண்ணன் மகள் என்னைப் பார்த்தாள். நான் போனுக்குள் தலையை நீட்டி, "அதெல்லாம் இப்ப எதுக்கு. என்ன கலர் பிடிக்கும்னு கேளுங்க" என்றேன். என்ன கலர் பிடிக்கும் என்று கேட்டார்கள். இரண்டு பேரும் சிவப்பு என்றார்கள். அதோடு அன்றைக்கு முடிந்தது.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் தோழி பதில் சொல்லும்போது குரலே வரவில்லை. அவள் கையும் மடியில் இருந்தது. அது நான் சொல்லிக்கொடுக்காதது. நல்ல பழக்கம், பார்த்துக் கற்றுக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான்காம் நாள் தூங்குகிறாள் என்று தாய் சொன்னாள். அடுத்த நாள் விளையாடப் போய்விட்டாள் என்றாள். அதற்கடுத்த நாள் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

அண்ணன் மகள் பாயில் உட்கார்ந்தபடியே காத்திருந்தாள். அவள் ஏன் வரவில்லை என்று கேட்டாள்.

"அவளுக்கு அங்க புது ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சுட்டாங்க. நீ என்கூட பேசு" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாய்க்கு வந்தது. அவளும் அழவில்லை. அந்த நேரத்தை வீணாக்காமல் நானே எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டேன். பத்து நாளில் நன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். பள்ளியிலிருந்து அழைத்தபோது பேர், வயது, வீட்டில் யார் யார், என்ன பிடிக்கும் எல்லாம் சொன்னாள். மெதுவாக, அழகாக, கை ஆடாமல். சேர்த்துக்கொண்டார்கள். இப்போது திருத்தணியில், மலைக்கு ஏறும் சாலைக்குக் கீழே ஒரு வாடகை வீட்டில் நானும் அவளும் இருக்கிறோம். அதே பள்ளியில்தான் படிக்கிறாள். மேடையில் ஏற்றினால் பேசுவாள். என்னிடம் அதிகம் பேசமாட்டாள், கேட்டதற்குச் சொல்வாள்.

அவளைச் சேர்த்துக்கொண்ட அதே வாரத்தில் என் கல்லூரி முடிவு போனில் வந்தது. முதல் வகுப்பு. திறந்து பார்த்தேன், மூடினேன். அண்ணன் போய் ஸ்வீட் வாங்கி வந்தான். நைனா அந்தத் திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். எனக்கு எதுவும் ஆகவில்லை. பசிகூட இல்லை. இத்தனை வருஷம் பஸ்ஸில் போனதற்கு ஏதாவது ஆகியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஸ்வீட்டைச் சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன்.

ஒரு மாதம் கழித்து, நாங்கள் இன்னும் ஊரில் இருக்கும்போதே, நகரியிலிருந்து அந்தத் தாய் எனக்குப் போன் செய்தாள். மகளுக்கு இங்கே எல்.கே.ஜி. படித்த பள்ளியில் டி.சி. வாங்க வேண்டும், கடிதம் எழுதித் தருகிறாயா என்று கேட்டாள். எழுதித் தருகிறேன் என்றேன். அதன் பிறகும் அவள் போனை வைக்கவில்லை.

"ஏம்மா, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கமாட்டியே."

"சொல்லுங்க."

"பாப்பா உங்க அண்ணி செத்துட்டாங்கன்னு சொல்லிகினே இருக்குது. மிஷின் நின்னுச்சாம், எல்லாரும் கம்முனு உக்காந்துகினு இருந்தீங்களாம், அண்ணியக் காணமாம். எங்கண்ணன் போனப்ப இங்க அப்படித்தான இருந்துச்சு. இல்லடின்னு சொன்னா கேக்கல. போன் அடிச்சாலே கட்டிலுக்குக் கீழ போய்ப் பூந்துக்குது."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ பரீட்சைக்குப் பழக்கறே. படிச்ச பொண்ணு. நடுவுல பூந்து நான் என்னா சொல்றது."

நான் சரி என்றேன். டி.சி. கடிதத்தை அன்றே எழுதி அனுப்பினேன். அழுகை வருமோ என்று கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. செய்ய வேண்டியது என்ன என்று மட்டும் யோசித்தேன்.

மறுநாள் நான்கு மணிக்குத் தறிகளை ஓடவிட்டே கொட்டகையில் போனைச் சாய்த்து வைத்தேன். அண்ணியை எதிரில் நிற்கவைத்தேன். அந்தத் தாய் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து திரைக்கு முன் காட்டினாள். குழந்தை முகத்தைத் தாயின் கழுத்தில் புதைத்திருந்தது. பிறகு ஒரு கண் தெரிந்தது. அண்ணி ஐந்து விரலைக் குவித்து வாயில் வைத்துக் காட்டினாள். குழந்தை ரொம்ப நேரம் பார்த்தது. அண்ணி முந்தானையை எடுத்துத் தலையில் போட்டு நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினாள். குழந்தை சிரித்தது. இறங்கி ஓடிப் போய் ஒரு பொம்மையை எடுத்து வந்து திரைக்கு முன் உட்கார்ந்தது. யாருக்காக உட்கார்ந்தது என்று தெரிந்தது.

நான் முன்னறைக்குப் போய் அண்ணன் மகளைக் கூப்பிட்டேன். வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். காதருகே குனிந்து, உன் தோழி வந்திருக்கிறாள் என்றேன்.

"அவளுக்குத்தான் புது ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களே."

"இல்ல. அத்தை சும்மா சொன்னேன்."

"பொய்யா?"

"ஆங்."

பென்சிலை டப்பாவில் வைத்து மூடினாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்து கொட்டகைக்குப் போனாள். நான் பின்னால் போனேன். திட்டில் இருந்த போனை எடுத்தாள். அங்கேயே உட்காருவாள் என்று நினைத்தேன். அவள் தாத்தாவிடம் போய் வேட்டியைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினாள். நிறுத்து என்று அர்த்தம். நைனா என்னைப் பார்த்தார். பேத்தி மறுபடியும் காட்டினாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தச் சத்தத்தில் அதற்கும் கைதான் வேண்டும். என் கை எழவில்லை. படிப்பு விஷயம் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, நைனா ஒவ்வொன்றாக அணைத்தார்.

அவள் முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போனை ஸ்டூல் மேல் வைத்தாள். பாயில் நேராக உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் தோழியின் முகம் ஒரு நிமிஷம் தெரிந்தது. எங்கள் வீட்டுச் சத்தம் அடங்கிப்போனதை அவள் கவனித்தது எனக்குத் தெரிந்தது. பொம்மை கீழே விழுந்தது. பிறகு படம் சுழன்று திரை கறுத்துப்போனது. அந்தப் பக்கம் போனைக் கவிழ்த்துவிட்டிருப்பாள். கால் மட்டும் கட் ஆகாமல் இருந்தது.

"சாப்டியா?" என்று அண்ணன் மகள் கறுப்புத் திரையைப் பார்த்துக் கேட்டாள். எதிரில் இருப்பவர் பதில் சொல்ல நேரம் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதற்கு வேண்டிய நேரம் காத்திருந்தாள்.

"என்னா சாப்டே?"

காத்திருந்தாள்.

"உனக்கு என்னா கலர் பிடிக்கும்? எனக்கு செவப்பு."

கடைசியில் பை சொல்லிவிட்டு அவளே கட் செய்தாள். வெளியே வந்து போனை என்னிடம் கொடுத்தாள்.

"பேசிட்டேன்" என்றாள்.